பொதுச்சுவர் வீட்டின் முகப்பு: எது பொது, எது தனி?

ஒரு கிரவுண்டு மனை, இரண்டு மகன்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, நாற்பதடி முகப்பை நடுவில் நூல் பிடித்துப் பிரித்தால் ஆளுக்கு இருபதடி அகலம், அறுபதடி நீளம். இரு பக்கமும் இடம் விட்டுக் கட்டினால் உள்ளே கட்டில் போட்ட பிறகு நடக்க வழியிருக்காது. அதனால் நடுக்கோட்டை ஒட்டியே இருவரும் கட்டுகிறார்கள். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும், புறநகர் மனைப்பிரிவுகளில் புரமோட்டர்கள் கட்டி விற்கும் வரிசைகளிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்: மூன்று பக்கம் வெளி, ஒரு பக்கம் அடுத்த வீடு. டூப்ளெக்ஸ் என்றால் உள்ளேயே படிக்கட்டு வைத்த மாடி வீடு என்றுதான் நம்மூரில் பலரும் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை பேசுவது, ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் இரண்டு குடும்பங்களின் வீடுகளைப் பற்றி.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எலிவேஷன் வரைய உட்காரும்போது முதலில் எழுவது ஒரே கேள்விதான். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இது ஒரு பெரிய வீடாகத் தெரிய வேண்டுமா, இரண்டு வீடுகளாகத் தெரிய வேண்டுமா? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் இதற்கு விதவிதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்த விடைகளைப் படித்தும், நம் தெருக்களின் வீடுகளைப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து தெரியும் நான்கைந்து கோடுகளை மட்டும் இருவருக்கும் பொதுவாக முடிவு செய்துகொண்டு, மற்றதை அவரவர் விருப்பத்துக்கு விட்ட இடங்களில்தான் வீடும் கெடவில்லை, அக்கம்பக்க உறவும் கெடவில்லை. எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டிய வீடுகளும், எதுவுமே பேசிக்கொள்ளாமல் கட்டிய வீடுகளும் சீக்கிரமே அலங்கோலமாகிவிடுகின்றன.

இரட்டை வீட்டை ஒரு நாகரிகமாகவே வளர்த்தெடுத்த நாடு இங்கிலாந்து. லண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதிக்காக 1794இல் தயாரான ஒரு மனை வரைபடத்திலேயே வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கின்றன. அன்றைய நோக்கம் வெளிப்படையானது. தனி மாளிகை கட்ட வசதியில்லாத இரண்டு நடுத்தரக் குடும்பங்கள், ஒரே கூரையின் கீழ் சமச்சீராக நின்றால் வெளியிலிருந்து ஒரு மாளிகை போலத் தெரியும். ஆகவே முகப்பு கண்ணாடிப் பிம்பமாக அமைந்தது. இடப்பக்கம் என்ன உண்டோ அதுவே வலப்பக்கமும். முதல் உலகப்போர் முடிந்த பிறகு இதே வடிவம் லட்சக்கணக்கில் பெருகியது. ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகள் என்று 1918இன் டியூடர் வால்டர்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. 1919இன் வீட்டுவசதிச் சட்டம் உள்ளாட்சிகளைக் கட்டவைத்தது. வெளியே பிதுங்கிய வளைவு ஜன்னல், அதற்கு மேல் முக்கோண முகடு, கூழாங்கல் தெளித்த பூச்சு ஆகியவை அந்தக் காலத்து இரட்டை வீட்டின் அடையாளங்களாயின. சில இடங்களில் இரு வாசல்களும் நடுவில் அருகருகே இருந்தன. சில இடங்களில் வாசல்கள் இரு கோடிகளுக்குப் போய், ஜன்னல்கள் நடுவில் சேர்ந்து ஒரே முகட்டின் கீழ் நின்றன. பின்னது மேல் என்பது என் கணிப்பு. வாசல்கள் விலகினால் அவரவர் வரவுபோக்குக்கு மறைவு கிடைக்கும், நடுப்பகுதி கனமாக ஒன்றுசேர்ந்து நிற்கும்.

இந்த வீடுகளைக் கேலி செய்த படித்தவர்கள் ஏராளம். 1981இல் பால் ஆலிவர், இயன் டேவிஸ், இயன் பென்ட்லி மூவரும் சேர்ந்து ஒரு நூலே எழுதி அவற்றுக்காக வாதாடினார்கள். குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டில் தங்கள் முத்திரையைப் பதிக்க அந்த வடிவம் இடம் கொடுத்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே காலத்தில் தெருவிலேயே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1980இன் வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அவற்றை விலைக்கு வாங்கும் உரிமையைத் தந்தது. ஒரு பாதியில் இருந்தவர் வாங்கினார், மறுபாதிக்காரர் வாங்கவில்லை. வாங்கியவர் புதுக் கதவு போட்டார், ஜன்னலை மாற்றினார், முன்சுவருக்குக் கல் பலகை ஒட்டினார். மறுபாதி பழையபடியே நின்றது. சமச்சீர் என்ற ஒன்றை மட்டும் நம்பிய முகப்பு, ஒரு கையெழுத்தில் உடைந்துபோகும் என்பதை அந்தத் தெருக்கள் காட்டின.

பிம்பத்தை வேண்டுமென்றே கைவிட்டவர் வால்டர் குரோபியஸ். ஜெர்மனியின் டெசாவ் நகரில் பௌஹௌஸ் பள்ளி ஆசிரியர்களுக்காக 1925-26இல் மூன்று இரட்டை வீடுகளைக் கட்டினார். கான்டின்ஸ்கியும் பால் க்ளேயும் ஒரு வீட்டின் இரு பாதிகளில் குடியிருந்தார்கள். ஒரு பாதியின் தளவரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதையே தொண்ணூறு பாகை சுழற்றி மறுபாதியாக வைத்தார் குரோபியஸ். உள்ளே ஏறக்குறைய ஒரே அறைகள்தான். வெளியே எந்த முகப்பும் இன்னொன்றைப் போல இல்லை. வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் ஜன்னல் விளிம்புகளும் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கட்டின. அந்த வரிசையில் மொஹோலி-நாகி இருந்த பாதி இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தது. அவருடைய அண்டைவீட்டுக்காரரான ஃபைனிங்கரின் பாதி மட்டும் பல பத்தாண்டுகள் தனியாக நின்றது. 2014இல் அழிந்த பாதியை எழுப்பியபோது பழையதை அச்சாகப் பிரதி எடுக்கவில்லை. உருவத்தின் எல்லைகளும் உயரமும் அதேதான், நுணுக்கங்கள் இல்லாத மொத்தையான கான்கிரீட் வடிவம். இரு பாதிகளும் வெவ்வேறு காலத்தவை என்று பார்த்ததும் தெரியும், சேர்ந்தும் நிற்கின்றன. தன் வீட்டை இடித்துக் கட்டப்போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கனடாவின் டொராண்டோவில், செயின்ட் பேட்ரிக் தெருவில் இதற்கு நேர்மாறான காட்சி உண்டு. ஒட்டு வரிசையாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, ஒன்று மட்டும் முகட்டின் பாதியோடு, கத்தியால் வெட்டியது போல நிற்கிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1997இல் முடிந்த இரட்டை வீடு இன்னொரு முனைக்குப் போனது. எம்விஆர்டிவி நிறுவனமும் பியர்னே மாஸ்டன்ப்ரூக்கும் சேர்ந்து வடிவமைத்தது. இரு குடும்பங்களின் பண வசதி ஒன்றல்ல. ஒருவர் பங்கு மூன்றில் ஒன்று, மற்றவர் பங்கு மூன்றில் இரண்டு. நடுச்சுவரை நேராக எழுப்பாமல், தளத்துக்குத் தளம் இப்படியும் அப்படியுமாக வளைத்து, அவரவர்க்கு எந்த மாடியில் எவ்வளவு தேவையோ அப்படிப் பேரம்பேசி முடித்தார்கள். எதிரே பூங்கா. முகப்பைப் பார்த்து எல்லை எங்கே என்று சொல்வது கடினம். அழகான கட்டடம்தான், ஆனால் ஒருவர் விற்கவோ இடிக்கவோ நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாகத்தை அங்குலக் கணக்கில் பத்திரத்தில் எழுதும் நம் ஊருக்கு இது ஒத்துவராது.

நமக்குப் பொருந்தும் பாடங்கள் வீடு வளரும் இடங்களிலிருந்து வருகின்றன. இரட்டை வீடு கட்டும் குடும்பம் ஒரேயடியாகக் கட்டி முடிப்பதில்லை. முதலில் தரைத்தளம், பிள்ளை வேலைக்குப் போனதும் மாடி, அப்புறம் மொட்டைமாடியில் ஓர் அறை. அண்ணன் கட்டும் வருஷத்தில் தம்பியிடம் பணமிருக்காது. முகப்பு இந்த வளர்ச்சியைத் தாங்கியாக வேண்டும்.

சிலி நாட்டின் இக்கிக்கே நகரில், 93 குடும்பங்களுக்காக அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலிமென்டல் குழு 2004இல் முடித்த கின்டா மன்ரோய் குடியிருப்பைக் கவனியுங்கள். வீட்டுக்கு 7,500 டாலர் அரசு மானியம். அதில் முழு வீடு கட்ட முடியாது. மோசமான முழு வீட்டைவிட நல்ல அரை வீடு மேல் என்று முடிவு செய்தார்கள். குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளக் கடினமான சுவர்கள், படி, சமையலறை, கழிவறை ஆகியவற்றை முதலில் கட்டினார்கள். கட்டிய பாதிகளுக்கு நடுவே அதே அகலத்தில் வெற்றிடம் விட்டார்கள். குடும்பங்கள் பின்னால் அந்த வெற்றிடத்தை மரப்பலகை, செங்கல், தகரம் என்று கையில் கிடைத்ததால் நிரப்பிக்கொண்டன. வண்ணங்கள் ஆளுக்கொன்று. ஆனால் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் கான்கிரீட் பாதிகள் வரிசைக்கு ஒரு தாளம் கொடுத்துவிட்டதால் தெரு சிதறவில்லை. அரவேனாவுக்கு 2016இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்ததற்கு இத்தகைய பணிகள் முக்கியக் காரணம்.

இந்தியாவில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் இருவர். சார்லஸ் கொரியா நவி மும்பையின் பேலாப்பூரில் 1983-86இல் கட்டிய குடியிருப்பில், வீடுகள் நெருங்கி நின்றாலும் ஒரு வீட்டின் சுவர் இன்னொரு வீட்டுக்குச் சுவராக இருக்கக் கூடாது என்று வைத்தார். பக்கத்து வீட்டாரிடம் அனுமதி கேட்காமலே ஒருவர் தன் வீட்டை உயர்த்தவும் நீட்டவும் முடிய வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறியது, நிறைவேறியதாலேயே இன்று அங்கே போனால் பல வீடுகள் இருந்த சுவடு தெரியாமல் மாறிவிட்டன. பி.வி. தோஷி இந்தூரின் அரண்யாவில் வேறு வழி எடுத்தார். ஒட்டிய மனைகள், பொதுவான சுவர்கள், மாதிரிக்காக எண்பது வீடுகள். வெளிப்படிக்கட்டு, திண்ணை, பால்கனி, கைப்பிடிச்சுவர் ஆகியவற்றைப் பலவிதமாகச் சேர்த்துக் காட்டி, மக்கள் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். 1995இல் ஆகா கான் விருது பெற்ற திட்டம் இது. முகப்பின் சில உறுப்புகளை மட்டும் ஒரு குடும்பச் சாயலோடு கொடுத்துவிட்டால், வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும் தெரு ஒன்றாக இருக்கும் என்பதை அரண்யாவின் மாதிரி வரிசைகள் காட்டுகின்றன. கொரியா தந்த சுதந்திரமும் தோஷி தந்த சாயலும் சேர்ந்தால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும்.

இதற்கு வெகுதூரம் போகவே வேண்டாம். புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் தெரு என்று ஊரார் சொல்லும் கால்வே சுப்புராயச் செட்டி வீதிக்குப் போய் மெல்ல நடந்து பாருங்கள். வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. தரைத்தளத்தில் திண்ணை, திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச்சரிவுத் தாழ்வாரம். அது வீட்டுக்காரருக்கும் வழிப்போக்கருக்கும் பொதுவான நிழல். மாடிக்கு வந்தால் சாயல் மாறுகிறது: வளைவு ஜன்னல்கள், சுதைப் பட்டைகள், கைப்பிடிச்சுவரில் சுதை வேலை என்று பிரெஞ்சு வாடை அடிக்கிறது. ஒரு வீட்டின் மாடி இப்படி, அடுத்ததன் மாடி அப்படி, மூன்றாவதற்கு மாடியே இல்லை. இருந்தும் கண் உறுத்தவில்லை. தாழ்வாரத்தின் ஓரக்கோடு ஒரே உயரத்தில் ஓடுகிறது, திண்ணையின் விளிம்பு ஒரே நேரில் நிற்கிறது. இரண்டு கோடுகள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2000களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்தபோது, மறைந்துபோன தாழ்வாரங்களை மீட்டதுதான் தெருவின் முகத்தை மீட்டது.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்ட ஆணையும் இதே வேலையைச் செய்தது. செங்கல் வீடு கட்டுவோர் எல்லாரும் முன்னால் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு நடை விட வேண்டும், அது தெரு நெடுகத் தொடர வேண்டும் என்பது விதி. சீனக் கடை வீட்டுக்கும் தமிழர் கடை வீட்டுக்கும் மேலே அலங்காரம் வேறு வேறு. கீழே அந்த ஐந்தடி நடை ஒன்றுதான். இன்றைக்கும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய கடைத்தெருக்கள் அழகாக இருப்பதற்கு அந்த ஒரு வரி விதிக்குப் பெரும் பங்குண்டு.

இனி நம் மனைக்கு வருவோம். பொதுவாக முடிவு செய்ய வேண்டிய கோடுகள் எவை?

முதலாவது தரைமட்டம். சாலை போடப்போட உயர்ந்துகொண்டே வருவதால் புதிதாகக் கட்டுபவர் பழைய வீட்டைவிட இரண்டடி தூக்கிக் கட்டிவிடுகிறார். அத்தோடு சன்ஷேடு, மாடித் தளம், கைப்பிடிச்சுவர் எல்லாமே இரண்டடி விலகிவிடும்; பிறகு எந்த வண்ணமும் அந்த முகப்பைச் சேர்க்காது. தம்பி பின்னால்தான் கட்டப்போகிறார் என்றாலும் அடிமட்ட உயரத்தை இருவரும் இன்றே தீர்மானித்து, சாலை உயர்வுக்கும் சேர்த்து இடம் வைப்பது நல்லது. இரண்டாவது சன்ஷேடு ஓடும் உயரம். மூன்றாவது கைப்பிடிச்சுவரின் தலை. நான்காவது காம்பவுண்டுச் சுவரின் உயரமும் கேட்டின் இடமும். இந்த நான்கும் ஒத்துப்போனால், ஒருவர் வீட்டில் கிரில் வேறாக இருக்கலாம், இன்னொருவர் பால்கனிக்குக் கண்ணாடி போடலாம், ஒருவர் ஓட்டுச்சரிவு இறக்கலாம். கெடாது.

கைப்பிடிச்சுவருக்கு மேலே தெரிபவற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படிக்கட்டு முடியும் ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும்தான் வீட்டின் மிக உயரமான பகுதிகள். ஒருவர் வீட்டில் அவை இடக்கோடியிலும் இன்னொருவர் வீட்டில் நடுவிலும் துருத்திக்கொண்டிருந்தால் எத்தனை செலவு செய்து எலிவேஷன் போட்டாலும் வீணாகும். இரு படிக்கட்டுகளையும் பொதுச்சுவரை ஒட்டி முதுகோடு முதுகாக வைத்தால் மேலே ஒரே கனமான உருவம் எழும். அதன் தலையில் இரு தொட்டிகளும் அடங்கும். படிக்கட்டு நடுவில் வருவதால், பக்கத்து வீட்டு டிவி சத்தமும் படுக்கையறைக்கு வராது.

இனி வெயிலைப் பார்ப்போம். இரட்டை வீட்டைக் கண்ணாடிப் பிம்பமாக வரைவது கண்ணுக்கு நியாயம், சூரியனுக்கு அநியாயம். தெற்குப் பார்த்த இரட்டை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச்சுவர் தெற்கு வடக்காக ஓடும். ஒருவருக்குக் கிடைக்கும் திறந்த பக்கம் கிழக்கு, மற்றவருக்கு மேற்கு. கிழக்கு வீட்டில் பக்க ஜன்னல்கள் காலை வெளிச்சம் தரும். அதே ஜன்னல்கள் பிம்பமாக மேற்கு வீட்டில் வந்தால், சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே இருக்க முடியாது. மேற்கில் தாழ்ந்து வரும் வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு ஒன்றும் செய்யாது. அங்கே வேண்டியது செங்குத்தான தடுப்புகள், செங்கல் ஜாலி, அல்லது லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்பிய சுவர். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் அந்த முறையில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், பொந்தில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கிழக்கோ மேற்கோ பார்த்த மனை என்றால் ஒருவருக்கு வடக்குச் சுவர், மற்றவருக்குத் தெற்குச் சுவர். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரலும் வரும். வடக்குச் சுவருக்கு நிழலே வேண்டாம் என்ற நினைப்பு நம் கடற்கரை ஊர்களுக்குப் பொருந்தாது. இரு பாதிகளின் வெளிப்பக்கங்களும் வேறுபட்டுத்தான் ஆக வேண்டும். வேறுபாடு காரணத்தோடு வரும்போது அது அழகாகவே இருக்கும்.

வாஸ்து வேறு பிம்பத்தைத் தடுக்கிறது. இரு குடும்பத்துக்கும் சமையலறை தென்கிழக்கு மூலையில் வேண்டும் என்றால் ஒரு பாதியைத் திருப்பிப் போட முடியாது; அப்படியே நகல் எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான். முகப்பும் அதனால் நகலாகவே அமையும். அதில் குறையொன்றுமில்லை. புதுச்சேரி வீடுகள் நகலும் அல்ல, பிம்பமும் அல்ல. கோடுகள்தான் அவற்றைச் சேர்க்கின்றன.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இரு வீடுகளும் சந்திக்கும் அந்த இணைப்பை. ஆளுக்கொரு சுவர் வைத்துக் கட்டும்போது நடுவே ஓர் அங்குலமோ இரண்டோ இடைவெளி விழுகிறது. கொத்தனார் அதில் தெர்மாகோல் சொருகிவிட்டுக் கான்கிரீட் போடுகிறார்; சிதறிய கலவையும் செங்கல் துண்டுகளும் உள்ளே விழுந்து தங்குகின்றன. மேலே கைப்பிடிச்சுவர்களுக்கு நடுவே அந்தப் பிளவு வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். முதல் மழையில் நீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. இரண்டாவது வருஷம் படுக்கையறைச் சுவரில் கழுத்து உயரத்துக்கு உப்பு பூக்கும், பெயின்ட் பொருக்காக உரியும். சுவரைச் சுரண்டிப் புட்டி வைத்து அடுத்த தீபாவளிக்கு மறுபடி அடிப்பார்கள், மறுபடி உரியும். நோய் உள்ளே தெரிகிறது, வழி மேலே இருக்கிறது. ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதற்கு இந்த ஓர் அங்குலம் போதும்.

இதற்கு வழி பெரிய செலவில்லை. இரு கைப்பிடிச்சுவர்களின் தலையையும் சேர்த்து மூடும்படி ஓர் உலோகத் தகட்டை மடித்துப் பொருத்த வேண்டும். ஒரு சுவரில் மட்டும் திருகி, மறுசுவரில் தளர்வாக உட்கார வைக்க வேண்டும். வெயிலிலும் அடித்தள இறக்கத்திலும் இரு வீடுகளும் தனித்தனியே அசையும், இரு பக்கமும் இறுக்கினால் தகடு கிழியும் அல்லது பூச்சு வெடிக்கும். முகப்பில், அந்தப் பிளவைச் சிமென்டால் பூசி மறைக்கவே கூடாது. ஆறு மாதத்தில் நேர்க்கோட்டில் வெடிப்பு எழுந்து தெருவுக்கே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பதில் அங்கே தரையிலிருந்து கைப்பிடிச்சுவர் வரை ஒரு கையகலப் பள்ளத்தை வடிவமைப்பாகவே விட்டுவிடலாம். பள்ளத்துக்குள் நெகிழும் ரப்பர் வகைப் பசையால் பிளவை அடைக்கலாம். இரு வீட்டு மழைநீர்க் குழாய்களும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, 2003இலிருந்து தமிழகத்தில் கட்டாயமான மழைநீர்த் தொட்டிகளுக்குப் போகலாம். அப்போது அண்ணன் அடிக்கும் மஞ்சளும் தம்பி அடிக்கும் நீலமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் நிழலில் முடிந்துவிடும். ஒரே வேலையில் ஒழுக்கும் நிற்கிறது, வண்ணச் சண்டையும் தீர்கிறது.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய சுவர்ப்பரப்பு வெளிர் நிறமாக இருப்பது வெப்பத்துக்கு நல்லது. கதவு, கிரில், கேட் ஆகியவற்றில் அவரவர் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். கரும்சாம்பல் அலுமினியப் பலகைகளை முகப்பில் ஒட்டும் மோகம் இப்போது கடைக் கட்டடங்களிலிருந்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. நம் வெயிலில் அது அடுப்பு. பலகைக்குப் பின்னால் புறாவும் ஈரமும் குடியேறும். அந்தப் பணத்தை நல்ல சன்ஷேடுக்கும், அதன் அடி விளிம்பில் நீர் உள்வாங்காமல் சொட்டி விழச் செய்யும் சிறு காடிக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம்.

இரு கேட்டுகளையும் நடுவில் சேர்த்து வைத்தால் முன்பக்கம் முழுக்க சரிவுதளமாகிவிடும், மரத்துக்கு இடமிருக்காது. கோடிகளுக்குத் தள்ளினால் நடுவில் எட்டோ பத்தோ அடி மண் மிஞ்சும். தெருவோரம் ஒரு புங்கமரம், உள்ளே ஒரு பவழமல்லி, மின் மீட்டர்கள் இரண்டுக்கும் ஒரே தூண். அந்த மரம் பத்து வருஷத்தில் எந்த எலிவேஷனையும்விட நல்ல முகமாகிவிடும்.

விதிகள் இதையெல்லாம் கவனிக்குமா? 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு ஆகியவற்றைச் சொல்கின்றன. தொடர் கட்டடப் பகுதிகளில் பக்கத்தில் இடம் விடாமலே கட்டலாம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் சுயசான்று கொடுத்து உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் பக்கத்து வீட்டு சன்ஷேடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று கேட்பவர் இனி ஒருவரும் இல்லை. இங்கிலாந்தில் 1996இல் வந்த பொதுச்சுவர்ச் சட்டப்படி, அந்தச் சுவரில் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். அப்படியொரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லாததால், அந்தப் பொறுப்பு குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே மனையைப் பிரித்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இன்னொரு தாளையும் இணையுங்கள். அதில் அடிமட்ட உயரம், சன்ஷேடு உயரம், கைப்பிடிச்சுவர் உயரம், கேட்டின் இடம், நடு இணைப்பை யார் மூடுவது, செலவை எப்படிப் பகிர்வது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் மட்டும் கட்டுவதாக இருந்தாலும், பொறியாளரிடம் இரு பாதிகளையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். கடைக்கால் தோண்டுவதற்கு முன் அந்தத் தாளை மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள்.